மாடி ஏறிக் காட்டியவர்

அருப்புக்கோட்டை பஸ்ஸில் இன்ஜினுக்குப் பக்கத்து சீட்தான் கிடைத்தது. கால்மாட்டிலிருந்து சூடு முழங்கால்வரை ஏறுகிறது, பக்கத்தில் ஒரு பெண் மடியில் வெற்றிலைக் கட்டை வைத்துக்கொண்டு தூங்கித் தூங்கி என் தோளில் விழுகிறாள், விழட்டும், எனக்கு வேறு வேலை இருக்கிறது, இறங்குவதற்குள் ஒரு வாக்கியத்தைச் சரிசெய்தாக வேண்டும். உங்கள் கணவர் இறந்ததற்கு நீங்கள் காரணம் இல்லை. இது ஆஸ்பத்திரித் தமிழ், புரியும், ஆனால் அந்த வீட்டில் யாரும் நம்பமாட்டார்கள். அதனால சாகலம்மா அவரு. இது கொஞ்சம் பரவாயில்லை, ஆனால் எதனால் என்று கேட்டால்? அந்த ‘அது’ என்ன என்று அவர் அம்மாவுக்கும் அண்ணனுக்கும் முன்னால் நான் சொல்ல வேண்டுமே. தாம்பத்தியம் என்றால் கல்யாணப் பத்திரிகை மாதிரி இருக்கிறது. உடலுறவு என்றால் போலீஸ் ஸ்டேஷன். சேர்ந்திருப்பது என்றால் ஒரே வீட்டில் குடியிருப்பது என்று நினைத்துக்கொண்டு, ஆமாம்மா சேர்ந்துதான் இருக்கோம், சண்டையெல்லாம் இல்லை என்கிறார்கள். இதயநோய் வந்து பிழைத்த ஆண்களிடம் இந்தக் கேள்வியைக் கேட்பதுதான் என் ஆராய்ச்சி, இத்தனை வருஷம் கேட்டும் எனக்கு ஒரு நல்ல சொல் அகப்படவில்லை. தமயந்தி, உனக்கு எதுக்கு இந்த அசிங்கம், கொலஸ்ட்ரால் பற்றிப் பண்ணேன் என்று துறைத் தலைவர் சிரித்துக்கொண்டே சொன்னார். அவர் அறையை விட்டு நான் வெளியே வரும்போது உள்ளே இன்னொருவர் குரல், கல்யாணம் ஆகாதவங்களுக்கு இதுலதான் ஆர்வம் ஜாஸ்தி என்றது, அதற்கும் சிரிப்பு. கதவு சரியாகச் சாத்தாததால் கேட்டது. அல்லது கேட்கட்டும் என்றுதான் சாத்தாமல் விட்டார்களோ என்னவோ.

ஆனால் அது அசிங்கம் இல்லை, குழாய்க் கணக்கு. இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகிற குழாயைவிட ஆணுறுப்புக்குப் போகிற குழாய் மெல்லியது. அடைப்பு சேர ஆரம்பித்தால் முதலில் அங்கேதான் தெரியும், நெஞ்சுவலி அதற்கப்புறம் சாவகாசமாக வரும். உடம்பு முன்கூட்டியே சொல்லிவிடுகிறது, ஆள்தான் யாரிடமும் சொல்வதில்லை. லேகியம் வாங்கிச் சாப்பிடுகிறான், பஸ் ஸ்டாண்டு சுவரில் நோட்டீஸ் ஒட்டியிருக்கிற லாட்ஜ் வைத்தியனிடம் போகிறான், பெண்டாட்டியிடம் எரிந்து விழுகிறான், என்னிடம் வருவதற்குள் இதயத்தில் பாதி வேலை முடிந்திருக்கும். பிழைத்துக்கொண்ட பிறகு வேறொரு பயம். அந்த நேரத்தில் உயிர் போய்விடுமோ என்று அவனுக்கு. தன் மேல் செத்துப்போவானோ என்று அவளுக்கு. எல்லா டாக்டரும் உப்பைக் குறை, பீடியை விடு, நட என்பார்கள், இதைச் சொல்லமாட்டார்கள். நான் சொன்னேன். மற்றவர்கள் சொல்லாததை நான் சொல்கிறேன் என்று எனக்குள் ஒரு பெருமைகூட இருந்தது. பஸ் காரியாபட்டியில் நின்றது, வெள்ளரிப்பிஞ்சுக்காரர் ஜன்னலோரம் கையை நீட்டினார், வேண்டாம் என்று தலையாட்டினேன். காலையில் ஒன்றும் சாப்பிடவில்லை. எப்படிச் சாப்பிடுவது.

சௌந்தரபாண்டி. விசைத்தறி மெக்கானிக். அவர் நகக்கண்ணில் இருந்த கிரீஸ் ஆஸ்பத்திரியில் கிடந்த நாளெல்லாம் போகவேயில்லை, நர்ஸ் ஸ்பிரிட் போட்டுத் தேய்த்தும் போகவில்லை. நல்ல உயரம், தறிச் சத்தத்திலேயே இருந்து பழகியதால் பேசினால் வார்டு பூராவும் கேட்கும். அவர் மனைவி வசந்தமணி அதற்கு நேர்மாறு, அவள் பேசுவதைக் கேட்க நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்ள வேண்டும். கேள்வியைக் கேட்டது அவர் இல்லை, அவள்தான். அவர் மருந்து வாங்கப் போயிருந்தபோது, கையைப் பிசைந்துகொண்டே, பக்கத்துல படுக்கவே பயமா இருக்கு டாக்டரம்மா, மூச்சுச் சத்தத்தக் கேட்டுக்கிட்டே கெடக்கேன், சத்தம் நின்னா எழுந்து மூக்குல கை வச்சுப் பாக்கேன், என்றாள். கொஞ்சம் பொறுத்து, அவுகளும் என்னயத் தொட மாட்டேங்காக, என்றாள். எத்தனையோ ஆண்களைக் கேட்டுப் பதில் வராமல் உட்கார்ந்திருக்கிறேன், ஒரு பெண் தானாக வந்து சொல்கிறாளே என்று எனக்குச் சந்தோஷம். ஆமாம், சந்தோஷம்தான். அவர் வந்ததும் வாங்க என்று கூட்டிக்கொண்டு போய் ஆஸ்பத்திரி மாடிப்படியில் என்னோடு ஏறச் சொன்னேன். இரண்டு மாடி நிற்காமல் ஏறி, மூச்சு வாங்காமல், நெஞ்சு வலிக்காமல் பேச முடிந்தால் இதயம் அந்த வேலையையும் தாங்கும், இதைத்தான் உலகம் முழுக்கச் சொல்கிறார்கள். அவர் என்னை முந்திக்கொண்டு போனார். மேல்படியில் நின்று கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழே எட்டிப்பார்த்து, பாத்தியா வசந்தி, டாக்டரம்மாவுக்குத்தான் மூச்சு இரைக்கி, என்று கத்தினார். கீழே அவள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். இனி பயமில்லை, வழக்கம்போல இருக்கலாம் என்று இரண்டு பேரையும் வைத்துக்கொண்டு சொன்னேன். வழக்கம்போல. பார், அப்போதும் சொல் கிடைக்கவில்லை.

அப்புறம் வழக்கப்படி போன் பண்ணிக் கேட்டேன். பின்னால் தறி ஓடுகிற சத்தம். நல்லா இருக்கோம் டாக்டரம்மா, எல்லாம் சரியாயிருச்சு, என்றார். எல்லாமுமா என்றேன். எல்லாமுந்தான் என்று பெரிதாகச் சிரித்தார். என் ஆராய்ச்சிக் கணக்கில் அவரைத் தேறியவர்கள் பக்கம் சேர்த்துக்கொண்டேன். போன மாதம் வசந்தமணியின் தம்பி கருணாகரன் பேசினான். மாமா தவறிட்டாரு மேடம், விடியக்காலம். அக்கா பொணத்து மேல விழுந்து அழுகையில, டாக்டரம்மா பயமில்லன்னுதான சொன்னாக, பயமில்லன்னுதான சொன்னாகன்னு பொலம்பிருச்சு. அது மாமாவோட அம்மா காதுல விழுந்துருச்சு. எதுக்குப் பயமில்லன்னு நோண்டி நோண்டிக் கேட்டு இப்ப ஊரே பேசுது, இவதான் ஆசை அடங்காம புருசனக் கொன்னுட்டான்னு. காரியம் முடிஞ்சும் பேச்சு நிக்கல. நீங்க வந்து அதனால இல்லன்னு ஒரு வார்த்தை சொன்னா கேப்பாக மேடம், டாக்டர் சொன்னா கேப்பாக. இவ்வளவுதான் அவன் சொன்னது. அன்றிலிருந்து ஒரு வாக்கியத்தைத் தேடிக்கொண்டிருக்கிறேன். அதனால் இல்லை என்று எனக்கு எப்படித் தெரியும்? ஆயிரக்கணக்கானவர்களில் ஒருவருக்குத்தான் அப்படி நடக்கும் என்று தெரியும். அந்த ஒருவர் யார் என்று யாரும் எழுதி வைப்பதில்லை. விடியற்காலம், மூடிய அறை, பக்கத்தில் மனைவி, நான் கொடுத்த அனுமதி. ஒருவேளை ஊர் சொல்வது உண்மையாக இருந்தால்? வசந்தமணி என்னைப் பார்த்து, நீங்க சொன்னதாலதான என்று கேட்டால்? பக்கத்துப் பெண் மறுபடி என் தோளில் சாய்ந்தாள்.

கருணாகரன் பஸ் ஸ்டாண்டில் பைக்கோடு நின்றான். மீசை அப்போதுதான் அரும்பிய முகம். வழியெல்லாம் தறிச் சத்தம், ஒரு தெருவில் குறைந்தால் அடுத்த தெருவில் பிடித்துக்கொள்கிறது, இதற்குள்தான் அவர் கத்திக் கத்திப் பேசியிருக்கிறார். வீட்டு முன்னறையில் மாலை போட்ட அவர் படம். கல்யாணத்தில் எடுத்ததை வெட்டிப் பெரிதாக்கியிருக்கிறார்கள், தோள் ஓரத்தில் அவள் பட்டுப்புடவையின் ஒரு கீற்று மட்டும் மிச்சம் இருக்கிறது. அவர் அண்ணன் பூமிநாதன் நாற்காலி போட்டார். அம்மா தரையில் சுவரோரம் உட்கார்ந்திருந்தாள், என்னை ஏறிட்டுப் பார்க்கவில்லை. நான் ஆரம்பித்தேன். அவருக்கு வந்த முதல் அட்டாக்கில் இதயத்தின் ஒரு பக்கம் பலவீனமாகிவிட்டது என்றேன், அது எப்போது வேண்டுமானாலும் தாளம் தப்பும் என்றேன், தூங்கும்போதும் தப்பும், டீ குடிக்கும்போதும் தப்பும் என்றேன். பூமிநாதன் தலையாட்டினார், ஆனால் அந்தத் தலையாட்டலை எனக்குத் தெரியும், வார்டில் கையெழுத்துப் போடச் சொல்லும்போது ஆட்டுவார்களே, அது. அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு, டீத்தண்ணி போடச் சொல்லு அவள, என்றாள். பெயர் சொல்லவில்லை. நான் கை கழுவ வேண்டும் என்று எழுந்து பின்பக்கம் போனேன்.

அடுக்களையில் வசந்தமணி நின்றிருந்தாள். பாதியாகிப் போயிருந்தாள். அழைக்காமலே என் கையைப் பிடித்துப் பின்வாசல் துவைகல்லுக்குப் பக்கத்தில் கூட்டிப்போனாள். பக்கத்து வீட்டுத் தறி ஓடிக்கொண்டிருந்தது, அந்தச் சத்தத்துக்குள்தான் பேச முடியும் என்று தெரிந்து வைத்திருந்தாள். நான் முந்திக்கொண்டேன், பஸ்ஸில் செய்த வாக்கியம் ஒன்றுமே வரவில்லை, நான் சொன்னதை நம்பித்தானே நீங்க, அதனாலதானே, எனக்கு மன்னிப்புக் கேட்கக்கூட, என்று உளறினேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஒரு நாள்கூட இல்ல டாக்டரம்மா,” என்றாள்.

எனக்குப் புரியவில்லை. எது இல்லை என்றேன்.

“நீங்க சொல்லி அனுப்பிச்சப்புறம் ஒரு நாள்கூட நாங்க அப்பிடி இல்ல. அவுகளால முடியல.”

தறி ஓடிக்கொண்டே இருந்தது, தடக் தடக் தடக். மாடி ஏறிக் காட்டிவிட்டு வந்த அன்றைக்கு வீட்டில் பிள்ளைகளுக்கெல்லாம் அல்வா வாங்கிக் கொடுத்தாராம். அப்புறம் இவள் பக்கம் திரும்பினார், முடியவில்லை. மறுபடியும் ஒரு தடவை, முடியவில்லை. அதற்கப்புறம் சுவரைப் பார்த்துப் படுக்க ஆரம்பித்தார். டாக்டரம்மாவிடம் சொல்லுவோம் என்று இவள் கெஞ்சினாள், பிள்ளைகள் தலையில் கையை வைத்துச் சத்தியம் வாங்கிக்கொண்டார், யாரிடமும் மூச்சு விடக் கூடாது என்று. நான் போன் பண்ணியபோது இவள் பக்கத்தில்தான் இருந்தாளாம். எல்லாமுந்தான் என்று சிரித்துவிட்டு போனை வைத்து, இவளைப் பார்க்காமல், பொம்பளகிட்டப் போயி என்னத்தச் சொல்ல, என்று ஸ்பேனரை எடுத்துக்கொண்டு போய்விட்டாராம். அன்றைக்கு விடியற்காலம் சுவர்ப்பக்கமிருந்து எழுந்து உட்கார்ந்தார், வேர்க்குது என்றார், இவள் மூக்கில் கை வைத்துப் பார்ப்பதற்குள் சாய்ந்துவிட்டார். அவ்வளவுதான். பயமில்லன்னுதான சொன்னாக என்று இவள் புலம்பியது என்னைக் குற்றம் சொல்லி இல்லை. பயமில்லை என்று தெரிந்தும் அந்த மனுசன் கடைசிவரைக்கும் பயந்தே செத்தாரே என்று.

முடியவில்லை. முதலில் மெல்லிய குழாயில் தெரியும், நெஞ்சுவலி அதற்கப்புறம் வரும். நான் வகுப்பில் பலகையில் வரைந்து காட்டுகிற படம். அவர் உடம்பு மறுபடியும் அடைக்கிறது என்று சொல்லியிருக்கிறது, மாதக்கணக்கில் சொல்லியிருக்கிறது, அவருக்கும் இவளுக்கும் மட்டும் கேட்கிற மாதிரி. எனக்கு ஒரு வார்த்தை வந்திருந்தால் அன்றைக்கே கூப்பிட்டு குழாயில் மருந்தை விட்டுப் படம் எடுத்துப் பார்த்திருப்பேன், ஸ்டென்ட் வைத்திருப்பேன், இன்னேரம் இந்தத் தெருவில் கத்திப் பேசிக்கொண்டிருப்பார். அவரால் முடியாமல் போனது பயத்தினாலா அடைப்பினாலா என்று இப்போது யார் சொல்வது, எரித்தாகிவிட்டது. ஆனால் இது ஒன்று போதும். இவளைக் காப்பாற்ற இது போதும். நான் உள்ளே போய்ச் சொல்கிறேன், உங்களுக்குள் ஒன்றுமே நடக்கவில்லை என்று சொன்னால் முடிந்தது, ஒருத்தரும் உங்களை ஒரு வார்த்தை சொல்ல முடியாது, என்றேன். என் குரலில் சந்தோஷம் மாதிரி ஏதோ வந்துவிட்டது, கேவலம்.

அவள் என் கையை விட்டுவிட்டாள்.

“செத்தவுகளப் போயி ஆம்பள இல்லன்னு சொல்லச் சொல்லுதீகளா? எம் மகன் நாளைக்கு இந்தத் தெருவுல நடக்கணும் டாக்டரம்மா. என்னயத்தான பேசுறாக. பேசிட்டுப் போறாக. அவுக நல்லா இருந்தாகன்னே இருக்கட்டும். உங்ககிட்டயும் அப்பிடியே இருக்கட்டும்.”

டம்ளரைக் கழுவி டீயை ஊற்றிக் கொடுத்தாள். அதை எடுத்துக்கொண்டு முன்னறைக்கு வந்து உட்கார்ந்தேன். டீ சுட்டது, சுடுகிறது என்று தெரிந்தும் டம்ளரை மாற்றிப் பிடிக்கத் தோன்றவில்லை. என்னிடம் உண்மை இருக்கிறது, நாக்கு நுனியில் இருக்கிறது, ஒரு வாக்கியம்தான், இந்தத் தடவை சொல்லுக்குக்கூடப் பஞ்சமில்லை. சொன்னால் அவள் குற்றம் போகும், அவள் காப்பாற்றுகிற ஒன்றும் போகும். யார் நான் அதை எடுக்க. அவள் குற்றம் இல்லாதவள் என்று எனக்குத் தெரிந்தால் போதுமா, எனக்குத் தெரிந்து அவளுக்கு என்ன. பூமிநாதன் தொண்டையைச் செருமினார். மரியாதையான ஆள், கண்ணைத் தாழ்த்திக்கொண்டுதான் கேட்டார், டாக்டரம்மா, நீங்க சரின்னு சொல்லித்தான் அனுப்பிச்சீகளா, இல்ல இவளாக் கேட்டாளா. அடுக்களையில் பாத்திரச் சத்தம் நின்றது. நான் சொன்னேன், அவங்க ஒண்ணும் கேட்கல, நானாத்தான் சொன்னேன், பொறுப்பு என்னோடது. பொய். முதல் தடவையாக ஒரு பெண் தானாக வாய் திறந்து கேட்ட கேள்வியை அவள் கேட்கவேயில்லை என்று ஆக்கிவிட்டேன். அம்மா அப்போதுதான் என்னை நிமிர்ந்து பார்த்தாள். கோபமெல்லாம் இல்லை, களைத்த கண்.

“உனக்குக் கல்யாணம் ஆயிருச்சாம்மா?”

“இல்லம்மா.”

அம்மா தலையைத் திருப்பிப் படத்தைப் பார்த்துக்கொண்டாள். பூமிநாதன் எழுந்து நின்றார், அது நானும் எழ வேண்டும் என்பதற்காக. வாசலில் செருப்பை மாட்டும்போது வசந்தமணி வருவாள் என்று நினைத்தேன். வரவில்லை. அடுக்களையில் பாத்திரச் சத்தம் மறுபடி ஆரம்பித்தது.

பைக்கில் பின்னால் திரும்பாமலே கருணாகரன் பேசினான். அவங்க ஏற்கெனவே முடிவு பண்ணிட்டாங்க மேடம், உங்ககிட்ட முன்னாடியே சொல்லல, நீங்க வராமப் போயிருவீங்களோன்னு. அக்காவையும் சின்னப் பொண்ணையும் சாத்தூருக்கு, எங்க வீட்டுக்கு, வெள்ளிக்கிழமை கூட்டிட்டுப் போயிரணுமாம். பையன் இங்கதான் இருப்பானாம், அவன் அந்த வீட்டு வாரிசாம். அக்காவுக்குத் தெரியுமா என்றேன். தெரியும் மேடம், நேத்தே சொல்லிட்டாங்க. காற்றில் அவன் சொன்னது சரியாகக் கேட்கவில்லையோ என்று மறுபடியும் கேட்டேன். தெரியும் என்றான். தெரிந்துதான் துவைகல்லுக்குப் பக்கத்தில் நின்று, எம் மகன் இந்தத் தெருவுல நடக்கணும் என்று சொல்லியிருக்கிறாள். அவள் பார்க்க முடியாத நடை. என்னிடம் அதைச் சொல்லவில்லை, சொன்னால் நான் உள்ளே போய் உண்மையைப் போட்டு உடைத்துவிடுவேன் என்று எவ்வளவு சரியாகத் தெரிந்து வைத்திருந்தாள். பைக்கை நிறுத்தச் சொல்லலாம். திரும்பிப் போகலாம். வாயைத் திறந்தேன், தெருவுக்குத் தெரு தறி ஓடியது, பஸ் ஸ்டாண்டு வந்துவிட்டது. அவன் வணக்கம் சொன்னான். வந்ததுக்கு ரொம்ப நன்றி மேடம் என்றான், அதை மனசாரச் சொன்னான், அதுதான் தாங்க முடியவில்லை.

மதுரை பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. வெயில் சாய்ந்து கருவேலங்காட்டு மேல் கிடக்கிறது. சௌந்தரபாண்டியை ஆராய்ச்சிக் கணக்கில் தேறியவர் என்று விட்டுவைத்தால் அந்தப் பொய்யைக் கூட்டிக் கழித்து எங்கேயோ ஒரு டாக்டர் இன்னொருவரை மாடி ஏறச் சொல்லி, பயமில்லை என்று அனுப்புவார். எடுத்துவிட்டால் ஏன் எடுத்தாய் என்று கேட்பார்கள், அவளுக்குக் கொடுக்காத வாக்கை நான் மீறியவளாவேன். அவர் ஒருவர்தானா? நல்லா இருக்கோம் என்று என்னிடம் சிரித்தவர்கள் எத்தனை பேர். ஒவ்வொரு குரலாகக் கூப்பிட்டுப் பார்க்கிறேன், மேலூர்க்காரர், திருமங்கலத்து வாத்தியார், கண்டக்டர் வேலை பார்க்கிறவர், எல்லாரும் பெரிதாகச் சிரிக்கிறார்கள், எந்தச் சிரிப்புக்குப் பின்னால் யார் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது, எனக்கு எதுவுமே தெரியாது, இத்தனை வருஷம் நான் சேர்த்து வைத்திருப்பது ஆண்கள் எப்படிச் சிரிப்பார்கள் என்பதை மட்டும்தான். நாளைக்குக் காலையில் புறநோயாளி வரிசையில் ஒருவர் வருவார், பிழைத்தவர், புதுச்சட்டை போட்டிருப்பார், பின்னால் மனைவி நிற்பாள். எப்படி இருக்கீங்க என்று கேட்பேன். நல்லா இருக்கேன் என்பார். இந்தத் தடவை அவரை விட்டுவிட்டு நான் அவள் முகத்தைப் பார்ப்பேன். அவள் என்னைப் பார்க்கமாட்டாள். என்ன சொல்லலாம் என்று தெரிந்துகொள்ள அவர் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பாள்.